நாற்பத்து நான்கு பேர்

தரை முழுக்கக் காய்ந்திருந்தது. தங்கத்தின் பாதங்களுக்கு அடியில் மட்டும் காயவில்லை.

மதியப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முன்னறையின் சிவப்பு சிமெண்டுத் தரையை ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டது வரை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அப்போதுதான் பக்கத்துத் தெருப் பள்ளிவாசலில் மத்தியானப் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். இப்போது மறுபடியும் பாங்கு கேட்டது. இது மாலைத் தொழுகைக்கு. இரண்டுக்கும் நடுவே மூன்று மணி நேரம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். குதிகால்கள் இரண்டும் ஒட்டியிருந்தன. எட்டு மாத வயிறு முன்னால் தள்ள, கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தன.

வலது காலைத் தூக்கினாள். அடியில் ஈரம், பாதத்தின் அளவுக்கு, கருஞ்சிவப்பாக. இடது காலையும் எடுத்துவிட்டு ஓரடி நகர்ந்து நின்று பார்த்தாள். காய்ந்து வெளிறிய தரையில் இரண்டு ஈரப் பாதங்கள். அவள் நின்ற இடம் அது, அதில் வியப்பொன்றும் இல்லை.

அவற்றுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, இன்னும் இரண்டு இருந்தன.

அவளுடையதைவிடச் சிறியவை. அவையும் சுவரைப் பார்த்திருந்தன, குதிகால்கள் ஒட்டியிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களிலிருந்து மெல்லக் காயத் தொடங்கின, யாரோ இப்போதுதான் அங்கிருந்து காலை எடுத்ததைப் போல.

தங்கம் கத்தவில்லை. கத்தும் பழக்கம் அவளை விட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. வாளியை எடுத்துவந்து தரை முழுவதையும் மறுபடி துடைத்தாள். துடைக்கும்போது ஒரு வாசனை வந்தது. கட்டுப் பிரிக்காத புதுப்புடவைகளின் கஞ்சி வாசனை. அந்த வீட்டில் புதுத்துணி எதுவும் கிடையாது.

அவள் புருஷன் டில்லிபாபு ஏசி மெக்கானிக். ராயப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவன். ஆறு மணிக்கு அவன் படியேறி வந்தபோது வீடு இருட்டாக இருந்தது.

"இன்னா தங்கம், லைட்டு கூட போடாம நின்னுகினு கீற?"

"இப்பந்தான் நின்னேங்க."

அவன் சுவிட்சைத் தட்டிவிட்டு அவள் கால்களைப் பார்த்தான். கெண்டைக்கால் முழுக்க நீல நரம்புகள் புடைத்துக் கிடந்தன. பாதம் வீங்கிப் பளபளத்தது. அவன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் அதைப் பார்த்தாள். உட்கார வேண்டும் என்றுதான் நினைத்தாள். முழங்கால் மடங்கவில்லை. எதிரில் ஒரு ஆள் இருக்கும்போது, அது யாராக இருந்தாலும், அவள் முழங்கால் மடங்காது. கல்யாணமாகி மூன்று வருடங்களில் டில்லிபாபு அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை. அவன் தூங்கிய பிறகுதான் அவள் படுப்பாள். அவன் விழிப்பதற்குள் எழுந்து நிற்பாள். முதலில் அதைக் கூச்சம் என்று நினைத்தான், பிறகு மரியாதை என்று. பிரசவ ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேர வரிசையில், பெஞ்சு காலியாக இருந்தும் உட்காராமல் நின்றவளைப் பெரிய டாக்டரம்மா கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் அவனுக்கு அது நோய் என்று புரிந்தது. இப்படியே நின்றால் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும், குழந்தைக்கும் ஆபத்து என்று சொல்லி, ராஜா அண்ணாமலைபுரத்தில் மனநல மருத்துவர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"நாளைக்கு லீவு சொல்ட்டேன். நான் கூட வரேன்," என்றான் டில்லிபாபு. "நீ இன்னாத்துக்கு பயப்புட்ற? நான் கீறேன்ல."

*

பழைய பங்களா ஒன்றின் மாடியில் இருந்தது அந்த அறை. ஜன்னலுக்கு வெளியே மரக்கிளை, மேஜை, எதிரெதிராக இரண்டு பிரம்பு நாற்காலிகள். டாக்டர் ஷண்முகப்ரியாவுக்கு நாற்பது வயதிருக்கும். உட்காருங்கள் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு தானும் எழுந்து, ஜன்னலில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"சரி, நின்னே பேசலாம். எனக்கும் முதுகு வலி."

தனக்காக ஒருவர் நிற்பதைத் தங்கம் இதற்கு முன் பார்த்ததில்லை.

மூன்று வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினேழு வயதில் தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றுக்கு வேலைக்கு வந்தது. காலை ஒன்பதிலிருந்து இரவு பத்து வரை நின்றது. கடையில் பெண்கள் உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் இல்லாதபோதும் கூடாது. கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கடைக்குப் பின்கட்டில் ஐந்தாவது மாடிதான் விடுதி. தகரக்கூரை போட்ட ஒரே ஹால். நாற்பத்து நான்கு பெண்கள். இரவு பத்தரைக்கு வெளியிலிருந்து பூட்டு விழும். அதற்கு முன்னால் எண் கூப்பிடுவார்கள்.

"எண்ணா?"

"பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க மேடம். எனக்கு முப்பத்தொண்ணு. வார்டனைப் பெரியக்கான்னுதான் சொல்லணும். சுவரைப் பாத்து வரிசையா நிப்போம். அவங்க எண் சொல்லச் சொல்ல, இருக்கேன்க்கான்னு பதில் சொல்லணும். நாப்பத்து நாலு பேரும் சொன்னாத்தான் உக்காருங்கம்பாங்க. ஒருத்தி சொல்லலன்னாலும் எல்லாரும் நிக்கணும். விடியுற வரைக்கும் நின்னிருக்கோம்."

"எத்தனை வருஷம்?"

"ஏழு."

டாக்டர் ஜன்னலை விட்டு ஓரடி முன்னால் வந்தார்.

"ஒருத்தர் மேல பஸ் மோதிடுது, பிழைச்சுக்கறார்னு வச்சுக்குங்க. அந்த ஒரு நாள் அவருக்குத் திரும்பத் திரும்ப வரும். உங்களுக்கு நடந்தது ஒரு நாள் இல்ல. தப்பிச்சுப் போக வழியில்லாம ஏழு வருஷம், தினமும். அது மனசுல ஒரு சம்பவமாத் தங்காது தங்கம். உடம்புல பழக்கமாத் தங்கிடும். இடையில மணிக்கணக்குல நினைவு தவறும். யாரையும் நம்ப முடியாது. நம்ம மேலயே நமக்கு அருவருப்பா இருக்கும். வேண்டாம்னு சொல்ல வாய் வராது. இதெல்லாம் உங்களுக்கு இருக்கா?"

டாக்டர் அவள் மனசுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைப்பதைப் போல இருந்தது அவளுக்கு.

"இதுக்குப் பேர் இருக்குதா மேடம்?"

"இருக்கு. நீங்க மட்டும் இல்ல, உலகம் முழுக்க இது நிறையப் பேருக்கு இருக்கு. சரியாகும். மெதுவாத்தான் ஆகும், ஆனா ஆகும்."

ஈரக்காலடிகளைப் பற்றியும் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை, கவனமாகக் கேட்டார். அந்த மூன்று மணி நேரம் உங்களுக்கு நினைவில்லை அல்லவா, நடுவில் நீங்களே ஒரு சாண் நகர்ந்து நின்றிருக்கலாமே என்றார். சின்னதாக இருந்ததே என்றபோது, காயும்போது ஓரம் சுருங்கும் என்றார். எல்லாமே சரியாகத்தான் இருந்தது.

"பேரு கீதுன்னா வைத்தியமும் கீது," என்றான் டில்லிபாபு, திரும்பி வரும் வழியில் லஸ் முனை சிக்னலில் வண்டியை நிறுத்தியபடி. தோளுக்கு மேல் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். வண்டியில் மட்டும் அவளால் உட்கார முடியும். ஓட்டுகிறவன் முதுகைக் காட்டிக்கொண்டிருப்பதால்.

*

டாக்டர் சொல்லித் தந்த பயிற்சிகளை அவள் தவறாமல் செய்தாள். பயம் வந்தால் கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு காதில் விழும் சத்தங்களைச் சொல்ல வேண்டும். இப்போது எந்த வருடம், எந்த ஊர், எந்த வீடு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஃபேன், காலண்டர், வாளி, குக்கர், ஜன்னல்.

சத்தங்களைச் சொல்லும்போதுதான் சிக்கல் வந்தது. கீழ்வீட்டு சகினா பீ தையல் மிஷின் ஓட்டும் சத்தம். தெருமுனையில் பழைய இரும்புக்காரனின் ஒலிபெருக்கி. எங்கோ பிரஷர் குக்கர். பிறகு, இவற்றுக்கெல்லாம் அடியில், வெகு அருகில், அவள் மூச்சோடு சேர்ந்து ஏறி அவள் மூச்சோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்த இன்னொரு மூச்சு. அவள் மூச்சைப் பிடித்தால் அதுவும் நிற்கும். ஆனால் ஒரு நொடி தாமதித்து நிற்கும்.

அந்த ஒரு நொடியை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு சரியான விளக்கம் இருக்கும் என்று தெரியும். அது மட்டுமல்ல. புகார் சொன்னால் என்ன நடக்கும் என்பதை ஏழு வருடத்தில் அவள் கற்றிருந்தாள். ஒருத்தி வாயைத் திறந்தால் எல்லாரும் நிற்க வேண்டியிருக்கும்.

ஒரு நாள் தண்ணீர்க் குடத்தோடு படியேறும்போது சகினா பீ வாசலில் நின்று கேட்டாள்.

"ஏம்மா தங்கம், ஊர்லேர்ந்து ஆள் வந்துக்கீறாங்களா?"

"இல்லியே பீ."

"மத்தியானத்துல ரெண்டு பேர் நடக்குற மாதிரி கேட்டுது. ஒனக்குத் தொணைக்கு யாரையாவது வச்சுக்கினியோன்னு பாத்தேன்." அவள் தங்கத்தின் வயிற்றைப் பார்த்தாள். "வச்சுக்கோ. இந்த மாதிரி நேரத்துல தனியா இருக்கக் கூடாது."

தங்கம் தலையாட்டிவிட்டு மேலே போனாள். கதவைத் திறந்தாள். கஞ்சி வாசனை அவளுக்காகக் காத்திருந்தது.

அதற்கு அடுத்த வாரம், பொழுது சாய்ந்து இருட்டும் நேரத்தில் மின்சாரம் போனது. மின்விசிறி சுழன்று சுழன்று ஓய்ந்தது. தையல் மிஷின் நின்றது. தெருவே ஒரு கணம் காதைப் பொத்திக்கொண்டதைப் போல இருந்தது. அந்த அமைதியில், கீழே, வெகு கீழே, தரைத்தளத்துக்கும் கீழே என்று சொல்லும்படியான தூரத்திலிருந்து ஒரு பெண்குரல் அலுப்போடு சொன்னது.

"ஒண்ணு."

அந்த வீட்டுக்கு இரண்டே மாடி. ஆனால் குரல் ஐந்து மாடி ஏறி வந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் சில படிகள். பதிமூன்று. பதினான்கு. செருப்பு தேயும் சத்தம். சாவிக்கொத்து தொடையில் இடிக்கும் சத்தம். தங்கம் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்ல முயன்றாள். ஃபேன். காலண்டர். இருட்டில் மற்றவை தெரியவில்லை. இருபத்தெட்டு. இருபத்தொன்பது. அவள் உடம்பு தானாகத் திரும்பி சுவரைப் பார்த்து நின்றது. குதிகால்கள் சேர்ந்தன.

முப்பது.

கதவுக்கு வெளியே குரல் நின்றது.

"முப்பத்தொண்ணு."

அவள் உதட்டைக் கடித்தாள். பதில் நாக்கின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. வயிற்றுக்குள் குழந்தை உதைத்தது, பலமாக, இரண்டு தரம்.

"முப்பத்தொண்ணு."

மின்சாரம் வந்தது. வெளியே யாருமில்லை. அவள் கைகளைப் பின்னாலிருந்து பிரித்தெடுக்கப் பார்த்தாள். விரல்கள் பின்னிக் கிடந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழற்றி முடித்தபோது, தன் இரண்டு கைகளும் முன்னால் வந்த பிறகும், முதுகுக்குப் பின்னால் வேறு ஐந்து விரல்கள் இன்னும் அவள் புடவையைப் பற்றியிருந்தன. ஒரு நொடி மட்டும். பிறகு விட்டன.

*

நான்காவது முறை டாக்டரிடம் போனபோதுதான் ரோஸியைப் பற்றிச் சொன்னாள்.

முப்பத்திரெண்டாம் எண். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்தவள், ஒல்லி, தொண்டை எப்போதும் கரகரவென்றிருக்கும். பக்கத்துப் பாய். குளியலறையில் வரிசை நீண்டு ரோஸி எண் கூப்பிடும் நேரத்துக்கு வர முடியாமல் போனால், தங்கம் அவள் குரலில் பதில் சொல்வாள். தங்கம் தாமதித்தால் ரோஸி சொல்வாள். எல்லாரும் சுவரைப் பார்த்து நிற்பதால் பெரியக்காவுக்கு முகம் தெரியாது, கணக்கு சரியாக இருந்தால் போதும். இரண்டு பேரும் பிறகு தலையணையில் முகம் புதைத்துச் சிரிப்பார்கள்.

"ஆடி மாசம் மேடம். கடையில தள்ளுபடி. கால் வைக்க எடமில்ல. ரோஸிக்கு மூணு நாளாக் காய்ச்சல். மாத்திரை குடுத்து நிக்க வச்சாங்க. அன்னிக்கு ராத்திரி பாத்ரூம் போயிட்டு வரேன்னு போனா. எண் கூப்பிட்டாங்க. முப்பத்திரெண்டுக்குப் பதில் இல்ல. பெரியக்கா மறுபடி கூப்பிட்டாங்க. எனக்குப் பக்கத்துல இருந்த புள்ள காலு நடுங்கி அழுவுது. பதிமூணு மணி நேரம் நின்னுட்டு வந்திருக்கோம். எனக்கும்... எனக்கும் உக்காந்தாப் போதும்னு இருந்துச்சு."

"நீங்க சொன்னீங்க."

"இருக்கேன்க்கான்னு சொன்னேன். அவ குரல்ல. உக்காருங்கன்னாங்க. உக்காந்தேன். படுத்த ஒடனே தூங்கிட்டேன் மேடம்."

காலையில் குளியலறைத் தரையில் கிடந்தாள் ரோஸி. குழாய் திறந்தபடி இருந்தது. ராத்திரியே பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னது தங்கத்தின் காதில் விழுந்தது. பதிவேட்டில் அன்று நாற்பத்து நான்கு பேரும் இருந்தார்கள்.

"அவ இல்லன்னு ஒருத்தருக்கும் தெரியாமப் போனதுக்குக் காரணம் நாந்தான். இருக்கான்னு நான் சொன்னேன். அதனால அவ இருக்கா."

டாக்டர் அருகே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சூடாக இருந்தது. பிறகு மெதுவாக விளக்கினார். பூட்டியவர்கள் குற்றத்தைப் பூட்டப்பட்டவள் சுமக்கிறாள், நீண்ட காலம் சிறைப்பட்டவர்களிடம் இதுதான் ஆழமான காயம். அந்த இரவை ஒருமுறை, பாதுகாப்பான இடத்தில், பகல் வெளிச்சத்தில், வேறு முடிவோடு நடந்து பார்க்க வேண்டும். சாதாரணமாக இன்னும் பல மாதங்கள் காத்திருப்பேன், ஆனால் உங்கள் கால்களுக்கு அவ்வளவு நாள் இல்லை என்றார்.

"அடுத்த வாரம் நான் எண்களைப் படிப்பேன். முப்பத்தொண்ணுக்கு நீங்க பதில் சொல்லுங்க. முப்பத்திரெண்டு வரும்போது சும்மா இருங்க. அவ்வளவுதான். அந்தப் பதில் உங்க பொறுப்பு இல்ல. நான் நாப்பத்து நாலு வரைக்கும் படிச்சு முடிச்சிட்டு, உக்காருங்கன்னு சொல்வேன். ஆனா உங்களுக்கு விருப்பம் இருந்தா மட்டும்தான். வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

வேண்டாம், என்று தங்கம் மனதுக்குள் சொன்னாள். வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.

"சரிக்கா," என்றாள்.

டாக்டர் அந்த ஒரு சொல்லைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் ஒருவேளை நிறுத்தியிருப்பார்.

*

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. நல்ல வெயில். டில்லிபாபு வெளியே பெஞ்சில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே போகும்போது அவள் தோளைத் தட்டினான். காலையிலிருந்து குழந்தை ஓயாமல் புரண்டுகொண்டிருந்தது. வண்டியில் ஏறுவதற்கு முன் அதை அவன் கையை வைத்துக் காட்டியிருந்தாள்.

டாக்டர் கதவைச் சாத்தினார். பூட்டவில்லை, பாருங்கள் என்று கைப்பிடியைத் திருகிக் காட்டினார். தங்கம் நாற்காலியின் முன்னால் நின்றாள். டாக்டர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து காகிதத்தை எடுத்தார்.

"எப்ப வேணும்னாலும் கையைத் தூக்குங்க. நிறுத்திடறேன். ஆரம்பிக்கலாமா?"

தங்கம் தலையாட்டினாள்.

"ஒண்ணு," என்றார் டாக்டர். இதமான குரல். மேலே மின்விசிறி சுற்றியது. "ரெண்டு." ஜன்னலுக்கு வெளியே அணில் ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. "மூணு. நாலு." ஒன்றும் நடக்கவில்லை. வெறும் எண்கள். தங்கத்துக்கு மூச்சு சீரானது. இவ்வளவுதானா என்று ஒரு நினைப்பு, வெயில் கதவிடுக்கில் நுழைவதைப் போல, உள்ளே எட்டிப் பார்த்தது. "எட்டு. ஒம்போது."

"இருக்கேன்க்கா."

மெலிந்த குரல். கதவுப் பக்கமிருந்து. டாக்டர் காகிதத்திலிருந்து நிமிரவில்லை.

"பத்து."

"இருக்கேன்க்கா."

அணில் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. கஞ்சி வாசனை முழங்கால் உயரத்துக்கு எழும்பி, இடுப்புக்கு வந்து, தொண்டைக்கு ஏறியது. அதோடு வியர்வை, ஈரத்தலை, தகரக்கூரை பகலெல்லாம் குடித்த வெப்பம். பதினைந்து. இருக்கேன்க்கா. பத்தொன்பது. இருக்கேன்க்கா. ஒவ்வொரு பதிலும் ஒரு சாண் பக்கத்தில் வந்தது. தோளுக்குத் தோள். மூச்சுக்கு மூச்சு. கையைத் தூக்க நினைத்தாள். கைகள் பின்னால் கோத்திருந்தன. அவை எப்போது அங்கே போயின?

இருபத்தெட்டு.

இருபத்தொன்பது.

முப்பது. காதோரம். சூடான மூச்சு.

"முப்பத்தொண்ணு."

"இருக்கேன்க்கா," என்றது அவள் வாய்.

டாக்டர் இப்போது நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கண்களில் அவ்வளவு பரிவு. மெல்லத் தலையசைத்தார். சும்மா இருங்கள் என்ற அர்த்தத்தில்.

"முப்பத்திரெண்டு."

தங்கம் சும்மா இருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஒரு நொடி. இரண்டு. பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, கரகரத்த தொண்டை ஒன்று கனைத்துக்கொண்டது.

"இருக்கேன்க்கா."

ரோஸியின் குரல்தான். அவளே சொன்னாள்.

தங்கத்தின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. டாக்டர் அதைப் பார்த்தார். நல்ல அறிகுறி என்பதைப் போல முகம் மலர்ந்தது. விடாமல் படித்தார். முப்பத்து மூன்று. முப்பத்து நான்கு. நாற்பது. நாற்பத்து மூன்று. நாற்பத்து நான்கு. எல்லா எண்களுக்கும் பதில் வந்தது. டாக்டர் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். உதடுகளைச் சேர்த்துக்கொண்டு, அவளுக்கு அழுது முடிக்க நேரம் கொடுத்துப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"நாப்பத்தஞ்சு."

டாக்டரின் வாய் அசையவில்லை.

குரல் பின்னாலிருந்து வந்தது. சாவிக்கொத்து தொடையில் இடித்தது. அலுத்துப்போன, அவசரமில்லாத குரல்.

நாற்பத்தைந்தாம் எண் கிடையாது. அந்த ஹாலில் அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை. நாற்பத்து நான்கு பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. எங்கோ ஒருத்தி கால் நடுங்கி அழத் தொடங்கினாள்.

"நாப்பத்தஞ்சு."

அந்த எண் யாருக்கு என்று அப்போதுதான் தங்கத்துக்குப் புரிந்தது. வயிற்றுக்குள் எல்லாம் அடங்கியிருந்தது. காலையிலிருந்து குழந்தை புரண்டுகொண்டே இருந்தது. இப்போது இல்லை.

டாக்டர், என்று கூப்பிட்டாள். சத்தம் வரவில்லை. மேடம். வரவில்லை. கதவு. பூட்டாத கதவு. அந்தப் பக்கம் டில்லிபாபு. நான்கு அடி தூரம். கால் நகரவில்லை.

"நாப்பத்தஞ்சு."

நான் சொல்ல மாட்டேன். நான் சொல்ல மாட்டேன். தேடட்டும். எல்லாரும் நிற்கட்டும். விடியும் வரை நிற்கட்டும். யாராவது தேடிப் பார்க்கட்டும். பார்க்கட்டும். பதில் வராவிட்டால்தான் பார்ப்பார்கள். நாக்கைக் கடித்தாள். வாயில் உப்புக் கரித்தது.

பக்கத்தில் ஓர் அசைவு. சில்லென்ற விரல்கள் அவள் விரல்களைத் தேடிப் பற்றின. அன்போடுதான் பற்றின. அவள் எவ்வளவு களைத்திருக்கிறாள் என்று அந்த விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

வேண்டாம் ரோஸி. வேண்டாம்டி.

கரகரத்த தொண்டை கனைத்துக்கொண்டது. பிறகு, தன் குரலை ஒடுக்கி, மெலிதாக்கி, இன்னும் பேசவே கற்காத ஒன்றின் குரலைப் போலச் சின்னதாக்கி, ரோஸி சொன்னாள்.

"இருக்கேன்க்கா."

"அவ்வளவுதான் தங்கம்," என்றார் டாக்டர். "இப்ப உக்காருங்க."

முழங்கால் மடங்கியது. எந்தத் தடையும் இல்லை. சுற்றிலும் நாற்பத்து மூன்று பாவாடைகள் ஒரே சமயத்தில் தரையில் அமரும் சரசரப்பு கேட்டது. பிரம்பு நாற்காலி அவள் எடையில் முனகியது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஓர் ஆளின் முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். எழுந்து விரைந்து போய்க் கதவைத் திறந்தார்.

"வாங்க, வந்து பாருங்க."

டில்லிபாபு வாசலில் நின்றான். அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். அவன் முகம் கோணி, சிரிப்பாகி, மறுபடி கோணியது. "தங்கம்," என்றான். ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவனிடம் சொல்ல வேண்டும். உடனே சொல்ல வேண்டும். அவள் வாயைத் திறந்தாள். உட்காரச் சொல்லி விளக்கு அணைந்த பிறகு யாரும் பேசக் கூடாது, அது விடுதியின் சட்டம். திறந்த வாய் அப்படியே இருந்தது. மேஜையில் டாக்டர் பேனாவை எடுத்து, மகிழ்ச்சியோடு, வேகமாக ஏதோ எழுதத் தொடங்கினார்.

தங்கம் வயிற்றின் இடப்பக்கத்தை அழுத்தினாள். வலப்பக்கத்தை அழுத்தினாள். கீழே, விலா எலும்புக்குக் கீழே, தொப்புளைச் சுற்றி. பிறகு மீண்டும் இடப்பக்கம்.